காலாவதி குறித்த கணக்கு

விரிதாளில் ஒரு கட்டத்தின் எண்ணை மாற்றினால், அதைச் சார்ந்த கட்டங்களெல்லாம் தாமாகவே மாறும். டான் பிரிக்ளினும் பாப் ஃபிராங்ஸ்டனும் 1979-இல் விசிகால்க் மூலம் தனிநபர் கணினிக்குக் கொண்டுவந்த வசதி இது. இதே வசதியை இணையச் செயலிக்குள் தருவது ஷைனி. ஆர் மொழியில் நிரல் எழுதுவோருக்காக ஜோ செங் உருவாக்கிய இந்த நிரல்தொகுப்பு 2012-இல் வெளியானது. எந்த வரைபடம் எந்த உள்ளீட்டைச் சார்ந்தது என்பதை ஷைனியே குறித்துவைத்துக்கொள்ளும். பயனர் வேறோர் ஊரைத் தேர்ந்தெடுத்தால், அந்த ஊர் சம்பந்தப்பட்டவை மட்டும் மறுபடி கணக்கிடப்படும்.

யாரும் எதையும் தொடாமலே மாறும் தரவுக்கு என்ன வழி? அணையின் நீர்மட்டத்தைக் காட்டும் பக்கத்தில் யாரும் பொத்தானை அழுத்தப்போவதில்லை. ஆனாலும் மட்டம் மாறும்.

இங்கே ஷைனியின் வழி அழகானது. பால் பாக்கெட்டில் காலாவதித் தேதி அச்சிடுவதுபோல, ஒவ்வொரு கணக்கும் தன் விடைக்குத் தானே கெடு குறித்துக்கொள்ளலாம். அதற்கான கட்டளை 'இன்வாலிடேட்லேட்டர்'. அதில் 5000 என்று எழுதினால் 5000 மில்லிவினாடி, அதாவது 5 வினாடி. கெடு முடிந்ததும் அந்த விடையும் அதைச் சார்ந்தவையும் பழையவை என்று குறிக்கப்படும். கணக்கு மறுபடி ஓடும்போது அதே வரி அடுத்த கெடுவை வைக்கும். வரைபடம் திரையில் மறைந்திருந்தால், மீண்டும் தெரியும்வரை ஷைனி அதை வரையாது.

தரவுத்தளம் முழுவதையும் 5 வினாடிக்கொருமுறை படிப்பது வீண் சுமை. அதைத் தவிர்க்க 'ரியாக்டிவ்போல்' என்ற கட்டளை உண்டு. கோப்பு கடைசியாக எப்போது மாறியது என்பதுபோன்ற சிறு சோதனையை மட்டும் அடிக்கடி செய்யும். அதன் விடை மாறினால்தான் முழுத் தரவையும் படிக்கும்.

இன்னொன்றை மறக்கக் கூடாது. 5 வினாடி என்பது குறைந்தபட்சக் காத்திருப்பு. ஆர் ஒரு நேரத்தில் ஒரு வேலையையே செய்யும். நடுவில் நீண்ட கணக்கு ஒன்று ஓடினால் கெடு முடிந்தும் காத்திருக்க வேண்டியதுதான். ஆகவே தேர்வில் மீதமுள்ள நேரத்தைக் காட்டும் கடிகாரத்தை, ஒவ்வோர் ஓட்டத்திலும் ஒரு வினாடியைக் குறைக்கும்படி எழுதினால் அது மெல்லப் பின்தங்கும். முடியும் நேரத்திலிருந்து கணினியின் தற்போதைய நேரத்தைக் கழிப்பதே சரி.

கெடு எவ்வளவு என்பதைத் தரவுதான் சொல்ல வேண்டும். மணிக்கு ஒருமுறை பதிவாகும் நீர்மட்டத்தை வினாடிக்கு வினாடி கேட்பதால் புதிதாக எதுவும் தெரியப்போவதில்லை. ஒரு விடை எவ்வளவு நேரம் உண்மையாக இருக்கும் என்று முதலில் யோசித்துவிட்டால், எழுத வேண்டிய எண் தானே கிடைத்துவிடும்.