மூட்டுநோவும் வீட்டு வேலையும்

கிராமத்து வீடொன்றில் காலையில் முதலில் எழும்புபவர் அநேகமாக அந்த வீட்டுப் பெண்தான். முற்றம் கூட்டி, தண்ணீர் அள்ளி, அடுப்பு மூட்டி, தேங்காய் துருவி, மற்றவர்கள் எழும்புமுன் பாதி வேலையை முடித்துவிடுவார். மூட்டுவாதம் உள்ளவர்களுக்கு உடம்பு மிகவும் இறுகிப்போயிருக்கும் நேரமும் அதுவே. விரல் மடங்காத, முழங்கால் நீளாத அந்த நேரத்தில்தான் நாளின் கடினமான வேலைகள் எல்லாம் வந்து நிற்கின்றன. வாய் திறந்து சொன்னால், "வயது போனால் எல்லாருக்கும் உள்ளதுதானே" என்பார்கள். இளம் பெண் என்றால் "வேலைக்கள்ளி" என்ற பெயரும் கிடைக்கும். ஆகவே பலர் நோவை மறைத்துக்கொண்டே வேலை செய்கிறார்கள். மூட்டுக்கள் மேலும் கெடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மூட்டுவாதம் என்று நாம் பொதுவாகச் சொல்வது ஒரே நோயன்று. கூடுதலானோருக்கு வருவது மூட்டுத் தேய்வு. எலும்பு முனைகளை மூடியிருக்கும் வழுவழுப்பான குருத்தெலும்பு காலப்போக்கில் கெட்டுப்போவதால் இது உண்டாகிறது. முழங்கால், இடுப்பு, பெருவிரலின் அடிமூட்டு, விரல் நுனி மூட்டுக்கள் ஆகியவற்றையே அதிகம் தாக்கும். காலை இறுக்கம் பெரும்பாலும் அரை மணித்தியாலத்துக்குள் இளகிவிடும்; வேலை செய்யச் செய்ய நோவு கூடும்.

மற்றது சரவாங்கி எனப்படும் முடக்குவாதம். உடலைக் காக்கவேண்டிய நோயெதிர்ப்புச் சக்தி தன் சொந்த மூட்டுக்களையே தாக்குவதால் வருவது. ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம். 30 வயதிலும் வரும். இரண்டு கைகளிலும் ஒரே மாதிரியாக விரல் மூட்டுக்களும் மணிக்கட்டுகளும் வீங்கும். காலை இறுக்கம் ஒரு மணித்தியாலத்துக்கு மேலும் நீடிக்கலாம். இவற்றைவிட, 2006 இன் இறுதியில் வடக்கு கிழக்கில் சிக்குன்குனியாக் காய்ச்சல் பரவியபோது, காய்ச்சல் விட்ட பின்னரும் மாதக்கணக்கில் மூட்டுநோவோடு இருந்தவர்களும் உண்டு.

எந்த வகையானாலும் வீட்டு வேலையில் கவனிக்கவேண்டியது ஏறக்குறைய ஒன்றுதான்: சிறிய மூட்டு சுமக்கும் பாரத்தைப் பெரிய மூட்டுக்கு மாற்றுவது. பெருவிரலும் சுட்டுவிரலும் சேர்ந்து ஒரு பொருளை ஒரு கிலோ பலத்தோடு கிள்ளிப் பிடிக்கும்போது, பெருவிரலின் அடிமூட்டில் அது ஏறத்தாழ 12 மடங்காக விழுகிறது. மெல்லிய கத்திப் பிடியும், வாளியின் கம்பிப் பிடியும், ஒடுங்கிய போத்தல் மூடியும் அவ்வளவு நோவைத் தருவது இதனாலேயே. பழைய சைக்கிள் ரியூப்பை நாடாவாக வெட்டிக் கத்தி, அகப்பை, வாளி ஆகியவற்றின் பிடிகளில் இறுக்கிச் சுற்றிவிடுங்கள். பிடி தடித்தால் விரல்களை இறுக்கி மடக்கத் தேவையில்லை, வழுக்கவும் மாட்டாது. சந்தைப் பையை விரல்களில் தொங்கவிடாமல் முழங்கையிலோ தோளிலோ மாட்டலாம். ஏதனங்களை ஒரு கையின் விரல்களால் தூக்காமல் இரண்டு உள்ளங்கைகளையும் கீழே கொடுத்து ஏந்தலாம்.

குசினியில்

எமது குசினிகளில் பாதி வேலை நிலத்தில் நடக்கிறது. குந்தியிருந்து எழும்புவது, நோகும் முழங்காலுக்கு மிகக் கடினமான வேலைகளில் ஒன்று. ஆகவே முடிந்தளவு வேலையை நிலத்திலிருந்து மேலே கொண்டுவர வேண்டும். அடுப்பை இடுப்பளவு உயரமான மண் அல்லது கல் மேடையில் வைக்கலாம். அனகி அடுப்பு உள்ளவர்கள் அதை மேடையில் வைத்துச் சுற்றிவரக் களிமண் பூசிக்கொள்ளலாம். அம்மியையும் அவ்வாறே உயர்த்தினால், நின்றுகொண்டு தோளின் பலத்தால் அரைக்கலாம். தேங்காய் துருவலையின் அலகை ஒரு வாங்கின் ஓரத்தில் பூட்டித்தரத் தச்சருக்கு அதிக நேரம் செல்லாது. மேசையில் பூட்டிச் சுற்றும் துருவலையும் நல்லது. ஆனால் அதன் கைபிடி ஒல்லியாக இருந்தால் அதற்கும் றப்பர் சுற்றவேண்டும்.

சோறு வடிப்பதைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். கொதிக்கும் பானையை மூடியோடு பிடித்துச் சரிப்பதற்கு மணிக்கட்டில் முழுப் பலமும் வேண்டும். கை சற்றே தளர்ந்தால் கஞ்சி காலில்தான். தண்ணீரை அளந்து விட்டு வற்றவைத்துச் சமைப்பது பாதுகாப்பானது. கஞ்சி வேண்டுமென்றால் அகப்பையால் அள்ளி எடுக்கலாம்.

இடியப்பம் பிழிவது இன்னொரு சோதனை. மாவை நன்றாகக் கொதித்த தண்ணீரில் இளக்கமாகக் குழைத்தால் உரல் இலேசாக இறங்கும். உரலை உயரம் குறைந்த மேசையில் வைத்து, கைகளை நேராக நீட்டி, உடம்பின் பாரத்தால் அமத்துங்கள். கை வீங்கியிருக்கும் நாளில் புட்டு அவிப்பதே புத்தி. இடியப்பம்தான் வேண்டும் என்று அடம்பிடிப்பவர் தாமே வந்து பிழியட்டும்.

கிணற்றடியில்

ஒரு லீற்றர் தண்ணீர் ஒரு கிலோ. 15 லீற்றர் குடம் நிறைந்தால், குடத்தின் நிறையைவிட 15 கிலோ. அதை ஒரு பக்க இடுப்பில் வைத்து நடக்கும்போது இடுப்பும் முழங்காலும் படும் பாடு தெரிந்ததே. வாளியைப் பாதி நிரப்பி இரண்டு தரம் இழுப்பது நேரத்துக்கு நட்டம், மூட்டுக்கு இலாபம். மெல்லிய நைலோன் கயிறு விரலை அறுக்கும். தடித்த கயிறு நல்லது. கப்பிக்கு எண்ணெய் விட மறவாதீர்கள். தண்ணீர்க் கானைச் சைக்கிளில் ஏற்றிவர வீட்டில் இளையவர்கள் இருந்தால், அது அவர்களுடைய வேலையாக இருக்கட்டும்.

உடுப்புத் தோய்க்கும்போது முறுக்கிப் பிழிவதே மணிக்கட்டுக்குப் பெரும் பகை. சவர்க்காரத் தண்ணீரில் முன்கூட்டியே ஊறவைத்து, அலசி, நீர் சொட்டச் சொட்டக் கொடியில் போடுங்கள். எங்கள் வெயிலுக்குப் பிழியாத சேலையும் காயும். ஈர்க்கு விளக்குமாற்றை நீண்ட தடியில் கட்டினால் குனியாமல் முற்றம் கூட்டலாம்.

வெளியே சொல்லக் கூச்சப்படும் விடயம் ஒன்றும் உண்டு. குந்தும் மலசலகூடத்தில் எழும்ப முடியாமற் போகுமோ என்று பயந்து, தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிடுபவர்கள் இருக்கிறார்கள். இருக்கைப் பலகையில் வட்டமாக வெட்டிய உறுதியான கதிரையொன்றைக் குழியின் மேல் வைத்து, பக்கச் சுவரில் ஒரு கைபிடியும் பூட்டினால் போதும்.

நேரமும் ஓய்வும்

விடிந்ததும் கைகளைப் பத்து நிமிடம் இளஞ்சூடான தண்ணீரில் வைத்து, விரல்களை மெல்ல மடக்கி நீட்டுங்கள். பாரமான வேலையை இறுக்கம் இளகிய பின்னர் வைத்துக்கொள்ளலாம். ஒரே வேலையை அரை மணித்தியாலத்துக்கு மேல் தொடராமல் மாற்றி மாற்றிச் செய்யவேண்டும். வேலை முடிந்து இரண்டு மணித்தியாலமாகியும் கூடிய நோவு தணியவில்லை என்றால், அன்று செய்தது அதிகம். அதற்காக முழுநாளும் படுத்திருப்பதும் கூடாது. தசை மெலிந்தால் மூட்டுக்குத் துணையில்லை. மூட்டு சிவந்து, சுட்டு, வீங்கியிருக்கும்போது மாத்திரம் அதற்கு ஓய்வு வேண்டும். அந்நேரத்தில் எண்ணெய் போட்டு அழுத்தி உருவுவது தீங்கு. ஊன்றுகோல் வைத்திருப்பவர்கள் அதை நோகும் காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்கவேண்டும். பலர் மறுபக்கமே பிடிக்கிறார்கள்.

வேலையை இலகுவாக்குவதால் முடக்குவாதம் நிற்காது. இரண்டு கைகளும் ஆறு கிழமைக்கு மேல் வீங்கி, காலையில் நெடுநேரம் இறுகியிருந்தால், உடனே அரசாங்க வைத்தியசாலைக்குப் போகவேண்டும். முதல் ஓரிரு ஆண்டுகளிலேயே மூட்டுக்குள் நிலையான சேதம் தொடங்கிவிடலாம். நோயைக் கட்டுப்படுத்தும் மருந்துகள் உள்ளன. அவற்றுள் முக்கியமான மெதோட்ரெக்சேற் குளிசையை முடக்குவாதத்துக்குக் கிழமையில் ஒரு நாள் மட்டுமே எடுக்கவேண்டும். தினமும் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. எழுத்து வாசிக்க இயலாத முதியவர் இருந்தால், அந்த நாளை வீட்டிலுள்ள ஒருவர் கலண்டரில் குறித்து, தாமே எடுத்துக் கொடுக்கவேண்டும். கடையில் நோவுக்குளிசையை நாட்கணக்கில் வாங்கி விழுங்குவது வயிற்றுப் புண்ணையும் சிறுநீரகப் பாதிப்பையும் கொண்டுவரும்.

கிளினிக்கில் "கை நோகுது டொக்டர்" என்று மாத்திரம் சொல்லிவிட்டு வரவேண்டாம். காலையில் எவ்வளவு நேரம் இறுகியிருக்கிறது, எந்த மூட்டுக்கள் வீங்குகின்றன, சென்ற மாதம் செய்த எந்த வேலையை இந்த மாதம் செய்ய முடியவில்லை என்று சொல்லுங்கள். சட்டைப் பொத்தான் பூட்ட முடியவில்லை, தேங்காய்ப் பாதியைப் பிடிக்க முடியவில்லை என்பவையும் வைத்தியர் அறியவேண்டிய விடயங்களே.