கைதைத் தீர்மானிக்கும் பிறந்த ஆண்டு

ஓர் இளைஞன் போலீஸில் சிக்கினால் அவன் வளர்ப்பு சரியில்லை, சேர்க்கை சரியில்லை என்கிறோம். எந்த ஆண்டில் பிறந்தான் என்று யாரும் கேட்பதில்லை. அமெரிக்காவின் சிகாகோவில் சமூகவியலாளர் ராபர்ட் சாம்ப்சன் குழுவினர் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளைச் சிறுவயதிலிருந்தே பின்தொடர்ந்து நடத்திய ஆய்வு, அதைத்தான் கேட்கச் சொல்கிறது. பதின்வயது முடிந்து இருபதுகள் தொடங்கும் பருவத்தில், 1980களின் நடுவில் பிறந்தவர்கள் கைதாகும் வாய்ப்பு, பத்தாண்டு கழித்துப் பிறந்தவர்களைவிட ஏறத்தாழ இரு மடங்காக இருந்தது.

பின்னால் வந்தவர்கள் நல்ல பிள்ளைகள், அதனால் தப்பினார்கள் என்று சொல்லிவிடலாமா? முடியாது. குடும்ப வசதி, சிறுவயது குணம் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்த பிறகும் இடைவெளியின் பெரும்பகுதி அப்படியே நின்றது. தன்னைக் கட்டுப்படுத்தத் தெரிந்த மூத்தவர்கள், கட்டுப்பாடில்லாத இளையவர்கள் அளவுக்குக் கைதானார்கள். மாறியது பிள்ளைகளைவிடத் தெருவும் சட்டமும்தான். 1992இல் சிகாகோ மாநகராட்சி ஒரு சட்டம் போட்டது. கும்பலைச் சேர்ந்தவர் என்று போலீஸ் கருதும் ஒருவர் காரணமின்றித் தெருவில் பிறரோடு கூடி நின்றால் கலைந்து போகச் சொல்லலாம், போகாவிட்டால் கைது. மூன்றே ஆண்டுகளில் 42,000 பேருக்கு மேல் கைதானார்கள். தெருமுனையில் நின்றதற்கு! 1999இல் உச்ச நீதிமன்றம் அச்சட்டத்தைச் செல்லாதென்றது. 2012இல் அதே நகரில் 15 கிராம் வரை கஞ்சா வைத்திருப்பவரைக் கைது செய்யாமல் அபராதச் சீட்டோடு அனுப்பிவிடலாம் என்றானது.

குற்றமே குறைந்ததால் கைதும் குறைந்தது என்பார்கள். உண்மைதான், 1992இல் 900ஐத் தாண்டியிருந்த சிகாகோ கொலைகள் அடுத்த இருபது ஆண்டுகளில் பாதியளவுக்கு இறங்கின. ஆனால் அமைதியான தெருவில் வளரக் கிடைத்ததும் காலம் தந்த வாய்ப்பே தவிர, தனிமனிதன் சம்பாதித்த ஒழுக்கம் அல்ல. வறுமையும் நிறமும் இன்னும் போலீஸைக் கூட்டி வருகின்றன என்பதையும் மறுக்க முடியாது. ஏழைப் பிள்ளைகள் இரு தலைமுறையிலும் கூடுதலாகவே கைதானார்கள். அந்த ஏழ்மைக்கு அவர்கள் கொடுத்த விலைதான் தலைமுறைக்குத் தலைமுறை வேறுபட்டது.

இந்தத் தலைமுறை வேறுபாடு நீதிமன்றத்தையும் தொடுகிறது. ஜாமீன் தரலாமா என்று பார்க்கும்போது, மறுபடி கைதாவாரா எனக் கணிக்கும் சூத்திரங்களை அமெரிக்க நீதிமன்றங்கள் பல துணைக்கு வைத்துக்கொள்கின்றன. மூத்த தலைமுறையின் தரவில் உருவாக்கிய இத்தகைய கணிப்பு, இளையவர்கள் கைதாகும் வாய்ப்பை மிகைப்படுத்துகிறது என்று இதே சிகாகோ தரவை வைத்து 2023இல் வெளியான ஆய்வு காட்டியது. பழைய காலத்தின் கணக்கை வைத்து இன்றைய பிள்ளையைச் சிறையில் வைப்பது அநீதி. அந்தச் சூத்திரங்களை உடனே திருத்த வேண்டும்.