ஒரத்தநாட்டுச் சத்திரம்

தஞ்சாவூரிலிருந்து தெற்கே பட்டுக்கோட்டை செல்லும் சாலையில் உள்ள ஒரத்தநாட்டில் இன்று கல்லணைக் கால்வாயின் நீர் பாய்ந்து நெல் விளைகிறது. அக்கால்வாய் மேட்டூர் அணையுடன் 1934 ஆம் ஆண்டில் வந்தது. அதற்கு முன்னர் அவ்வட்டாரம் பெரும்பாலும் மழையையும் ஏரியையும் நம்பியிருந்த மேட்டுநிலமாகும். இராமேசுவர யாத்திரிகர் அவ்வழியே கால்நடையாகச் செல்வர். அவர்களுக்காக இரண்டாம் சரபோஜி மன்னர் 1802 ஆம் ஆண்டளவில் அங்கு ஒரு பெரிய சத்திரம் எழுப்பினார். தமக்கு அன்பரான முக்தாம்பாளின் நினைவாக அமைந்ததால், அது முக்தாம்பாள் சத்திரம் எனப் பெயர் பெற்றது.

1799 ஆம் ஆண்டு உடன்படிக்கைப்படி நாட்டின் ஆட்சி கும்பினியார் கைக்குச் சென்றுவிட்டது. இராஜ்ஜியத்தை விட்டுக்கொடுத்த மன்னர், சத்திரங்களை மட்டும் விட்டுக்கொடுக்க மனமில்லாதவராய், அவற்றின் தருமங்களை விவரித்து 1801 ஆம் ஆண்டில் ஒரு கடிதம் எழுதினார். சத்திரம் என்றால் சோறும் திண்ணையும் என்று நினைக்கும் நமக்கு அவ்விவரங்கள் வியப்பளிக்கும்.

எந்தச் சாதியினராயினும் வழிப்போக்கருக்கு உணவுண்டு. சமைத்த சோற்றை ஏற்காதவருக்கு அரிசியும் சம்பாரமும் அளக்கப்படும். நள்ளிரவில் மணியடித்து, அதுவரை உண்ணாதவர் வரலாம் என்று கூவியழைப்பர். வைத்தியர் இருந்தனர், விஷக்கடிக்கும் மருந்துண்டு. நோயுற்ற பிரயாணிக்குக் குணமாகும்வரை பத்திய உணவு அளிக்கப்பட்டது. சத்திரத்தில் பிரசவித்த பெண் மூன்று மாதம் தங்கலாம். குழந்தைகளுக்குப் பாலும் உண்டு. திக்கற்ற பிள்ளைகள் உபாத்தியாயரிடம் ஒப்படைக்கப்பட்டனர். அவர்களுக்கு மூன்று வேளை உணவு, நான்கு நாட்களுக்கொருமுறை எண்ணெய் ஸ்நானம், விரும்பிய கல்வி, பின்னர் கலியாணச் செலவு! இறந்தவருக்கு அவரவர் வழக்கப்படி ஈமக்கடன் செய்யப்பட்டது. உணவில் பேதம் பாராட்டாவிடினும் சாதி முற்றும் மறைந்துவிடவில்லை என்பதை இக்கடைசி ஏற்பாடே காட்டுகிறது.

இவ்வளவும் நடந்தது நிலத்தின் வருவாயால். சத்திரங்களுக்கென மானியக் கிராமங்கள் இருந்தன. அவற்றின் நெல் வந்தால்தான் அடுப்பு எரியும். ஆகவேதான் மன்னர் நிர்வாகத்தைத் தம்மிடமே வைத்துக்கொள்ள விழைந்தார். 1855 இல் அவ்வரச மரபும் முடிவுற்றது.

தஞ்சை நாட்டின் பழைய பாதைகளில் சிறிய சத்திரங்களும் தண்ணீர்ப் பந்தல்களும் பல உண்டு. ஊராட்சி உறுப்பினர்கள் தம் கிராமத்து 'அ' பதிவேட்டை ஒருமுறை புரட்டிப் பார்க்கலாம். சத்திரம், நந்தவனம், ஊருணி என்ற பெயரில் ஏதேனும் புல எண் இருக்கிறதா, இருப்பின் அந்நிலம் இப்பொழுது யார் அநுபோகத்தில் இருக்கிறது என்பதை நேரில் சென்று கவனிக்க வேண்டும். முதியவர்களை உடன் அழைத்துச் செல்வது நல்லது; பதிவேட்டில் இல்லாத எல்லைகள் அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.