புகாரை யார் கேட்பது? இங்கிலாந்து திருச்சபை தாமதமாகக் கற்ற பாடம்

2024 நவம்பர் 12 அன்று கேன்டர்பரி பேராயர் ஜஸ்டின் வெல்பி பதவி விலகுவதாக அறிவித்தார். உலகெங்கும் உள்ள ஆங்கிலிக்கன் சபைகள் மூத்தவராக மதிக்கும் பதவி அது. அவர் மீது பாலியல் புகார் எதுவும் இல்லை. வேறொருவரின் கொடுமை 2013-ல் தெரியவந்தும், முறையான விசாரணை நடக்கும்படி அவர் பார்த்துக்கொள்ளவில்லை என்பதே காரணம்.

அந்த வேறொருவர், வழக்கறிஞர் ஜான் ஸ்மைத். பெரிய பள்ளிகளில் படித்த பையன்களுக்கான கிறிஸ்தவ கோடை முகாம்களில் முக்கியப் பொறுப்பில் இருந்தவர். பக்தி, ஒழுக்கம் என்ற பெயரில் பையன்களைப் பிரம்பால் ரத்தம் வரும்வரை அடித்திருக்கிறார். பாதிக்கப்பட்டவர்கள் 100 பேருக்கும் மேல்.

1982-லேயே இதுபற்றி ஓர் அறிக்கை எழுதப்பட்டது. அது சிலருடைய கைகளில் மட்டும் சுற்றியது. காவல் நிலையத்துக்குப் போகவில்லை. 1984-ல் ஸ்மைத் ஜிம்பாப்வேக்குக் குடிபெயர்ந்தார். அங்கும் முகாம்கள், அங்கும் அடி. 2018-ல் தண்டனை எதுவும் பெறாமலே இறந்துபோனார்.

எங்கே தவறினார்கள்?

அறிக்கையைப் படித்தவர்களும் ஸ்மைத்தும் ஒரே வட்டத்தினர். ஒரே மாதிரிப் பள்ளிகள், ஒரே நட்பு. புகார் நண்பர்களுக்குள்ளேயே சுற்றினால் எப்படி வெளியே வரும்?

ஸ்மைத் விவகாரம் தனி ஒன்றல்ல. 1940-கள் முதல் 2018 வரை, இங்கிலாந்து திருச்சபையின் குருமார்களும் பொறுப்பில் இருந்தவர்களுமாக 390 பேர் குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்காகத் தண்டிக்கப்பட்டிருக்கிறார்கள். 2020-ல் அரசு அமைத்த விசாரணைக் குழு சொன்ன கணக்கு இது.

எல்லோருக்கும் இடம் தருவதும் பாதுகாப்பும் வேறு வேறு அல்ல என்பது இங்கேதான் புரிகிறது. இந்தத் திருச்சபையில் பெண்கள் குருவானது 1994-ல். பிஷப் ஆனது 2015-ல். 2025-ல்தான் முதல்முறையாக ஒரு பெண், முன்னாள் செவிலியர் சாரா முல்லாலி, கேன்டர்பரி பேராயராக அறிவிக்கப்பட்டார்.

என்ன மாறியிருக்கிறது?

இன்று ஒவ்வொரு சபையும் ஒரு பாதுகாப்பு அலுவலரை நியமிக்க வேண்டும். சிறுவர்களோடு பழகும் பொறுப்புக்கு வருபவர்களுக்குக் குற்றப் பின்னணிச் சோதனையும் பயிற்சியும் உண்டு.

ஆனால், புகாரை விசாரிப்பவருக்குச் சம்பளம் கொடுப்பது யார் என்ற கேள்வி தீரவில்லை. பாதுகாப்புப் பணி முழுவதையும் வெளி அமைப்பிடம் ஒப்படைக்க வேண்டும் என்று பாதிக்கப்பட்டவர்கள் பலர் கேட்டார்கள். 2025 பிப்ரவரியில் கூடிய திருச்சபையின் பொதுப் பேரவை, முதல் கட்டமாக ஒரு பகுதியை மட்டும் ஒப்படைக்க முடிவெடுத்தது. பலருக்கு ஏமாற்றம்.

நமக்கு என்ன?

1947-ல் உருவான தென்னிந்திய திருச்சபையும் (சி.எஸ்.ஐ.) ஆங்கிலிக்கன் குடும்பத்தில் ஓர் உறுப்பினர். இங்கே சட்டம் தெளிவு. குழந்தை மீதான பாலியல் குற்றம் தெரியவந்தால், போக்சோ சட்டப்படி யாராக இருந்தாலும் காவல்துறையிடம் சொல்லியே ஆக வேண்டும். மறைத்தால் அதுவே குற்றம். கமிட்டியில் பேசி முடித்துக்கொள்ள வழியில்லை. இது தேவாலயத்துக்கு மட்டுமல்ல. கோயில், மசூதி, பள்ளி, டியூஷன் சென்டர் எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

பிள்ளையைச் சண்டே ஸ்கூலுக்கோ முகாமுக்கோ அனுப்பும் முன் மூன்று கேள்விகள் கேளுங்கள். பொறுப்பாளர் யார்? பெரியவர் ஒருவர் பிள்ளையோடு தனியே இருக்க நேருமா? புகார் என்றால் யாரிடம் சொல்வது? நல்ல நிர்வாகம் இதற்குக் கோபப்படாது.

குழந்தைகளுக்கான உதவி எண்: 1098.