காபி பில்டரும் மின்சார மெஷினும்: மூன்றாம் வருஷத்துக் கணக்கு

பாத்திரக் கடையில் காபி பில்டர் ஒரு சின்னச் சரக்கு. குக்கர், கிரைண்டர் போல அதில் பெரிய லாபம் கிடையாது. ஆனால் விற்ற மறுநாள் காலையிலேயே அது பரீட்சைக்குப் போய்விடுகிறது. டிகாக்ஷன் சரியாக இறங்காவிட்டால் வீட்டில் அத்தனை பேர் முகமும் மாறும். எந்தக் கடையில் வாங்கியது என்ற கேள்வியும் கூடவே வரும். ஆகவே இந்தச் சின்னச் சரக்கைப் பற்றி நம் சங்க அன்பர்களுக்குச் சற்று விவரமாக எழுத விரும்புகிறோம்.

நாங்கள் பாத்திர மொத்த வியாபாரத்தில் இருப்பவர்கள். மயிலாப்பூர், தி.நகர், அடையாறு பகுதிகளில் உள்ள சில்லறைக் கடைகளுக்கு எவர்சில்வர் பில்டர், பித்தளை பில்டர், மின்சார டிரிப் காபி மெஷின் ஆகிய மூன்றும் கொடுத்து வருகிறோம். எந்தச் சரக்கு திரும்பி வருகிறது, எத்தனை மாதம் கழித்து வருகிறது, என்ன குறை சொல்லித் தருகிறார்கள் என்று தனி நோட்டில் குறித்து வைப்பது எங்கள் வழக்கம். புதுச் சரக்கு எல்லாமே பளபளவென்றுதான் இருக்கும். அதன் தராதரம் மூன்றாம் வருஷத்தில்தான் தெரியும். ஒரு வீட்டில் காலையும் மாலையும் காபி போட்டால் வருஷத்துக்கு 730 முறை, மூன்று வருஷத்தில் 2,190 முறை. அத்தனை முறை கொதிநீர் பட்ட பிறகு சாமான் எப்படி இருக்கிறது என்பதே கேள்வி.

சாதா பில்டரில் என்ன கெடும்?

நம் பில்டரில் கெட்டுப் போக அதிகம் ஒன்றுமில்லை. அடியில் துளை போட்ட மேல் பாத்திரம், டிகாக்ஷன் இறங்கும் கீழ்ப் பாத்திரம், பொடியை அமுக்கும் காம்பு வைத்த தட்டு, மூடி. இவ்வளவுதான். இருந்தும் குறை வருகிறது. பெரும்பாலும் மூன்று வகை.

முதலாவது, துளை அடைப்பு. காபிப் பொடியில் எண்ணெய்ப் பசை உண்டு. தினமும் வெறும் தண்ணீரில் அலம்பி வைத்தால் அந்தப் பசையும் நைஸ் பொடியும் துளைகளில் படிந்து இறுகும். டிகாக்ஷன் இறங்க நேரமாகும். பழைய எண்ணெயின் சிக்கு வாடையும் ஏறும். எவர்சில்வர் பில்டராக இருந்தால் மேல் பாத்திரத்தின் அடிப்பக்கத்தைச் சிறு தணலில் சற்றுக் காட்டி, ஆறியபின் பிரஷ் போட்டு வெந்நீரில் கழுவினால் துளை திறந்துவிடும். நம் வீட்டுப் பெண்மணிகள் வெகுகாலமாகச் செய்து வரும் முறைதான் இது. முலாம் பூசிய பித்தளைக்கு மட்டும் இதைச் சொல்லக் கூடாது; முலாம் போய்விடும்.

இரண்டாவது, காற்று அடைப்பு. மேலிருந்து டிகாக்ஷன் கீழே வர வேண்டுமானால் கீழ்ப் பாத்திரத்தில் இருக்கும் காற்று வெளியேற வேண்டும். இரண்டு பாத்திரமும் மிக இறுக்கமாகப் பொருந்திவிட்டால் காற்றுக்கு வழியில்லை, டிகாக்ஷன் நின்றுவிடும். புது பில்டரில் அளவு பிசகினாலும் இப்படி ஆகும். நாலைந்து வருஷம் கழித்து, கீழே விழுந்து வாய் நசுங்கினாலும் ஆகும். வாடிக்கையாளர் பொடிக் கடைக்காரரைக் குறை சொல்லிக்கொண்டிருப்பார். மேல் பாத்திரத்தை லேசாகத் தூக்கி வைத்தால் இறங்கும் என்று நாம் சொல்லிக் கொடுத்தால், திரும்பி வர இருந்த சரக்கு அவர் வீட்டிலேயே இருக்கும்.

மூன்றாவது, அளவுப் பொருத்தம் இல்லாமை. எங்கள் நோட்டில் அதிகம் இருப்பது இதுதான். இரண்டு பேர் உள்ள வீட்டுக்கு ஆறு பேர் பில்டர் வாங்கிப் போவார்கள். அகலமான அடியில் இரண்டு ஸ்பூன் பொடி மெல்லிய படலமாகப் பரவும். தண்ணீர் அதில் நிற்காமல் ஓடிவிடும். டிகாக்ஷன் நீர்த்துப் போகும். பில்டரில் பழுது எதுவும் கிடையாது, அளவுதான் தவறு. விருந்தாளி வரும் நாளுக்கென்று பெரியது ஒன்று, தினப்படிக்குச் சின்னது ஒன்று என்று எடுத்துச் சொல்லலாம். வியாபாரமும் கூடும், வாடிக்கையாளருக்கும் நல்லது.

உலோகத்தைப் பார்த்து வாங்குதல்

1982-ல் சேலம் உருக்காலை உற்பத்தியைத் தொடங்கிய பிறகு எவர்சில்வர் தகடு நமக்குப் பக்கத்திலேயே கிடைக்கத் தொடங்கியது. இன்று பல தரம் வருகிறது. 304 என்ற தரத்தில் சுமார் 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் உண்டு. 200 வரிசைத் தகடுகளில் நிக்கலைக் குறைத்து மாங்கனீஸ் சேர்த்திருப்பார்கள். விலை குறைவு, ஆனால் உப்புக்குத் தாங்கும் சக்தியும் குறைவு. பெசன்ட் நகர், திருவான்மியூர் போன்ற கடலோர வீடுகளில் உப்புக் காற்றும் போர் தண்ணீரும் சேரும்போது, 200 வரிசையில் செய்த பில்டரின் துளை ஓரங்களிலும் அடி இணைப்பிலும் பழுப்புப் புள்ளி சீக்கிரம் தோன்றும்.

காந்தம் ஒட்டாவிட்டால் உயர்ந்த சரக்கு என்று இன்னும் சில கடைகளில் சொல்கிறார்கள். இது சரியல்ல. 304-லும் காந்தம் ஒட்டாது, 202-லும் ஒட்டாது. தரம் தெரிய வேண்டுமானால் பில்லில் தரத்தை எழுதி வாங்க வேண்டும். பெரிய ஆர்டராக இருந்தால் ஒரு உருப்படியைச் சோதனைக்கு அனுப்ப வேண்டும்.

பித்தளை செம்பும் துத்தநாகமும் சேர்ந்த கலவை. காபியில் புளிப்புத் தன்மை உண்டு. ஆகவே பித்தளை பில்டருக்கு உட்பூச்சு அவசியம். பூச்சு தேய்ந்து மஞ்சள் நிறம் தெரிந்தால் மறுபடி பூச வேண்டும். பூச வேண்டியது வெள்ளீயம். காரீயம் உடம்புக்குக் கேடு. அழகுக்காகப் பித்தளை கேட்பவரிடம் இதைச் சொல்லாமல் விற்பது முறையாகாது.

மின்சார மெஷின்

இந்த மெஷினின் பூர்வீகம் வேறு. 1908-ல் மெலிட்டா பென்ட்ஸ் என்ற ஜெர்மானிய இல்லத்தரசி காகித வடிகட்டியைக் கண்டுபிடித்தார். 1954-ல் அந்த நாட்டிலேயே விகோமாட் என்ற மின்சார டிரிப் மெஷின் வந்தது. 1972-ல் அமெரிக்காவில் மிஸ்டர் காபி வந்து வீட்டுக்கு வீடு பரவியது. இவையெல்லாம் பால் சேர்க்காத, லேசான காபிக்காகச் செய்தவை. அங்கே லிட்டருக்குச் சுமார் 55 கிராம் பொடி. நமக்கு வேண்டியதோ பாலில் கலந்தாலும் நிற்கக்கூடிய கெட்டி டிகாக்ஷன். இந்த வித்தியாசத்தை விற்கும்போதே சொல்லிவிட வேண்டும். மெஷினில் போட்டிருக்கும் 'கப்' கோடு அவர்கள் கணக்கு. நம் கணக்கில் பொடி கூடும், தண்ணீர் குறையும்.

மெஷினுக்குள் நடப்பது எளிய வேலைதான். தொட்டியிலிருந்து தண்ணீர் ஒரு குழாய்க்குள் வருகிறது. குழாயை ஒட்டிய ஹீட்டர் அதைக் கொதிக்க வைக்கிறது. நீராவி தள்ளுவதால் வெந்நீர் மேலேறிப் பொடியின் மேல் சொட்டுகிறது. அதே ஹீட்டர்தான் ஜாடி வைக்கும் தட்டையும் சூடாக்குகிறது.

இந்தக் குழாய்தான் மெஷினின் உயிர் நிலை. உப்புத் தண்ணீர் ஊற்றினால் உள்ளே சுண்ணாம்பு படியும். குழாய் குறுகும், சத்தம் போடும், பத்து நிமிஷத்தில் முடிய வேண்டியது இருபது நிமிஷம் ஆகும். சூடு தண்ணீருக்குப் போகாமல் ஹீட்டரிலேயே தங்கி, கடைசியில் உள்ளே இருக்கும் பாதுகாப்பு ப்யூஸ் எரிந்து மெஷின் நின்றுவிடும்.

குடிநீரில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு தண்ணீர் கிடைக்காவிட்டால் 600 வரை ஏற்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணயத்தின் அளவு. குடிப்பதற்கு ஏற்கலாம் என்ற தண்ணீரே மெஷினுக்கு ஆகாமல் போகலாம். நம் ஊரில் ஒரே தெருவில் ஒரு வீட்டில் மெட்ரோ தண்ணீர், பக்கத்து வீட்டில் போர், அடுத்த அபார்ட்மெண்டில் லாரி. நெம்மேலி கடல்நீர் சுத்திகரிப்பு ஆலை 2013-ல் தொடங்கிய பிறகு தென் சென்னைக்கு அந்தத் தண்ணீரும் வருகிறது. 2019 கோடையில் ஏரிகள் வறண்டபோது எல்லாருமே கிடைத்த தண்ணீரைத்தான் பிடித்தோம். ஆகவே ஒரே கம்பெனி, ஒரே மாடல் மெஷின் ஒரு வீட்டில் ஆறு வருஷம் ஓடுவதும், இன்னொரு வீட்டில் இரண்டாம் வருஷமே நிற்பதும் எங்களுக்கு ஆச்சரியமில்லை.

பரிகாரம் கஷ்டமானதல்ல. போர் தண்ணீர் உள்ளவர்கள் மாதம் ஒருமுறை, மற்றவர்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, தொட்டித் தண்ணீரில் ஒரு ஸ்பூன் எலுமிச்சை உப்பைக் கரைத்துப் பொடி போடாமல் ஓட்ட வேண்டும். பாதியில் நிறுத்திக் கால் மணி நேரம் ஊறவிட்டு மீதியை ஓட்டி, பிறகு இரண்டு முறை நல்ல தண்ணீர் விட வேண்டும். அதோடு கம்பெனி புத்தகத்தில் வேறு முறை சொல்லியிருந்தால் அதையே பின்பற்றச் சொல்ல வேண்டும்.

பொடியும் கவனிக்க வேண்டியது. சிக்கரி கலந்த பொடியில் காபி குறைந்தது 51 சதவீதம் இருக்க வேண்டும், கலவை விகிதத்தை லேபிளில் போட வேண்டும் என்பது சட்டம். சிக்கரி கூடக் கூட டிகாக்ஷன் மெதுவாக இறங்கும். மெஷினின் நைலான் வலையில் நைஸ் பொடி, அதிகச் சிக்கரி இரண்டும் சேர்ந்தால் அடைத்துக்கொண்டு மேலே வழியும். சற்றுக் கொரகொரப்பாக அரைத்து வாங்கச் சொல்ல வேண்டும். டிகாக்ஷனைச் சூடு தட்டின் மேல் அரை மணிக்கு மேல் விட்டால் கசந்துவிடும். இறங்கியதும் வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிடுவது நல்லது.

யாருக்கு எது?

இவ்வளவு சொல்லியும் மெஷின் வேண்டாம் என்பது எங்கள் கட்சி அல்ல. பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, மயிலாப்பூரிலும் அடையாற்றிலும் தனியாக இருக்கும் வயதான தம்பதிகள் எத்தனையோ பேர். கை நடுக்கம் உள்ள ஒரு அம்மாள் கொதிக்கும் தண்ணீரைத் தூக்கி பில்டரில் ஊற்றுவது ஆபத்து. அவருக்கு மெஷின் ஒரு துணை. அதேபோல, இரவே டிகாக்ஷன் போட்டு வைக்கும் பழக்கமுள்ள வீட்டுக்கு நல்ல எவர்சில்வர் பில்டரைவிட நீடித்த சாமான் இல்லை. பழுதாக அதில் கரண்டும் இல்லை, கண்ணாடியும் இல்லை.

மெஷின் ஆர்டர் கொடுக்குமுன் ஜாடியும் வலையும் தனியாகக் கிடைக்குமா என்று கம்பெனியிடம் எழுதி வாங்குங்கள். ஒரு கம்பெனியிடம் நாங்கள் ஜாடி கேட்டபோது, அந்த மாடல் நின்றுவிட்டது என்று இரண்டு வரியில் பதில் வந்தது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த மெஷின்கள் ஒரு கண்ணாடி ஜாடிக்காகப் பரணுக்குப் போயின. பதில் சொல்ல வேண்டியவர் கம்பெனிக்காரர்; வாடிக்கையாளர் வந்து நின்றது சில்லறைக் கடைக்காரர் வாசலில்.

சட்டமும் இப்போது நம்மைச் சும்மா விடுவதில்லை. 2020 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த 2019-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், உற்பத்தியாளர் கொடுத்த எச்சரிக்கையையும் உபயோக முறையையும் விற்பவர் வாடிக்கையாளருக்குத் தெரிவிக்காமல் விட்டு, அதனால் தீங்கு நேர்ந்தால் விற்பவரும் பொறுப்பாவார் என்று இருக்கிறது. பெட்டிக்குள் இருக்கும் புத்தகத்தை எடுத்து முக்கியமான நாலு வரியைத் தமிழில் சொல்வது மரியாதை மட்டுமல்ல, நமக்குப் பாதுகாப்பும்கூட.

ஆகவே பில்டரோ மெஷினோ கேட்டு வருபவரிடம், விலை சொல்லுமுன் மூன்று கேள்வி கேளுங்கள். வீட்டில் காபி குடிப்பவர்கள் எத்தனை பேர்? என்ன தண்ணீர்? எந்தப் பொடி? இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்தால் எதைக் கொடுப்பது என்பது தானே தெரியும். விலையில் ரங்கநாதன் தெருக் கூட்டத்தோடும், வீட்டுக்கே கொண்டு தரும் ஆன்லைன் கம்பெனிகளோடும் நம்மால் போட்டி போட முடியாமல் போகலாம். அவர்கள் யாரும் இந்த மூன்று கேள்வியைக் கேட்பதில்லை. கேட்டு விற்ற சாமான் மூன்றாம் வருஷமும் அந்த வீட்டு அடுப்பங்கரையில் இருக்கும். அடுத்த கல்யாணச் சீர்ப் பாத்திரத்துக்கு அந்த வீட்டார் நம் கடையைத் தேடி வருவார்கள்.