மூச்சை அடக்கு, பிறகு படம் எடு!

காமிராவுக்குப் பெரிய எதிரி எது? இருட்டு என்பார் சிலர். நடுங்கும் கை என்பார் வேறு சிலர். படம் எடுப்பவர் விடும் மூச்சும் ஓர் எதிரிதான் என்றால் பலர் நம்பமாட்டார்கள். தென் துருவப் பிரதேசத்தில் படம் எடுத்த ஒருவர் இதைப் பட்டுத் தெரிந்துகொண்டார்.

அவர் பெயர் ஹெர்பர்ட் பாண்டிங், ஆங்கிலேயர். 1910-ம் ஆண்டு காப்டன் ஸ்காட் தென் துருவத்தை அடையப் புறப்பட்டபோது, படம் எடுக்கும் பொறுப்பை ஏற்று உடன் சென்றார். 1911 ஜனவரியில் ராஸ் தீவிலுள்ள எவான்ஸ் முனையில் அக்குழுவினர் மரத்தாலான குடிசை ஒன்றை அமைத்துத் தங்கினார்கள்.

அந்தக் காலத்துப் பெரிய காமிராவின் பின்பக்கத்தில் தேய்த்த கண்ணாடி ஒன்று இருக்கும். தலையைக் கறுப்புத் துணியால் மூடிக்கொண்டு, அந்தக் கண்ணாடியில் தலைகீழாகத் தெரியும் உருவத்தைப் பார்த்துத்தான் போகஸ் செய்ய வேண்டும். துணிக்குள் விடும் மூச்சு எங்கே போகும்? கண்ணாடியின் மேல்தான் படியும். நம் ஊராக இருந்தால் சற்று நேரத்தில் காய்ந்துவிடும். அங்கேயோ பனிக்கட்டித் தகடாக உறைந்துவிடும். துணியால் துடைத்தால் போகாது. உருவம் மங்கும். போகஸ்தான் சரியில்லை என்று எண்ணித் திருகிக்கொண்டே இருந்தால் பயன் என்ன? மூச்சை அடக்கிக்கொண்டு வேலையை முடிப்பது ஒன்றே வழி.

ஒட்டிக்கொண்ட நாக்கு

ஒரு சமயம் பாண்டிங் போகஸ் செய்யும்போது, உலர்ந்த உதட்டை நனைக்க நாக்கை நீட்டினார். நாக்கின் நுனி காமிராவின் உலோகப் பாகத்தில் பட்டது. பட்டதுதான் தாமதம், அங்கேயே உறைந்து ஒட்டிக்கொண்டது! வெடுக்கென்று இழுத்தார். நுனித் தோல் காமிராவோடு நின்றுவிட்டது. 1921-ல் வெளிவந்த 'தி கிரேட் ஒயிட் சவுத்' என்ற நூலில் அவரே இதை எழுதியிருக்கிறார்.

குடிசைக்குள் போனால் கதகதப்பாக இருக்குமே, காமிராவையும் உள்ளே கொண்டுபோனால் என்ன? அதிலும் ஆபத்து இருந்தது. குளிரில் கிடந்த காமிரா உள்ளே வந்தவுடன், குடிசைக் காற்றிலுள்ள ஈரம் முழுவதும் அதைத் தேடி வந்து படியும். ஆகவே பாண்டிங் காமிராக்களை வெளிக் குளிரிலேயே விட்டுவைத்தார்.

அவர் படம் எடுத்ததோடு நிற்கவில்லை. குழுவிலிருந்த சிலருக்கு அந்த வித்தையைச் சொல்லியும் கொடுத்தார். அவர்களில் ஒருவர் பவர்ஸ். 1912 ஜனவரி 17-ந் தேதி ஸ்காட், பவர்ஸ் உட்பட ஐவர் தென் துருவத்தை அடைந்தனர். மறுநாள் பவர்ஸ் நூலை இழுத்துக் காமிராவை இயக்கி, ஐவரும் சேர்ந்திருக்கும் படத்தை எடுத்தார். திரும்பும் வழியில் ஐவரும் மாண்டனர். நவம்பரில் அவர்களுடைய கூடாரத்தைக் கண்டுபிடித்தவர்கள் அந்தப் பிலிமையும் கண்டெடுத்தனர். எவான்ஸ் முனைக் குடிசையிலேயே அது கழுவப்பட்டது. களைத்து, ஏமாந்து நிற்கும் அந்த ஐந்து முகங்களை உலகம் இன்றும் பார்க்க முடிகிறது. லென்ஸில் பனி படிந்திருந்தால் எத்தகைய இழப்பு!

பனித் தேசத்துத் தொல்லை, சென்னையில்

'அது தென் துருவம், நமக்கென்ன?' என்று கேட்கலாம். எவான்ஸ் முனையில் குடிசைக்கு உள்ளே நடந்த அதே காரியம் சென்னையில் அறைக்கு வெளியே நடக்கிறது!

குளிர்ந்த சோடாப் புட்டியை மேஜைமேல் வைத்தால் அதன் புறத்தில் முத்து முத்தாக நீர் அரும்புகிறது அல்லவா? அது புட்டிக்குள்ளிருந்து வந்த நீரல்ல, காற்றிலிருந்த நீராவிதான். காற்று எவ்வளவு சூடாக இருக்கிறதோ அவ்வளவு அதிகமாக நீராவியைத் தாங்கும். குளிர்ந்த பொருளைத் தொட்டதும் தாங்க முடியாமல் நீராக இறக்கிவிடும். சென்னையில் வெப்பம் 30 டிகிரி சென்டிகிரேட், ஈரப்பதம் 75 சதவிகிதம் என்று வைத்துக்கொள்வோம். அப்போது சுமார் 25 டிகிரிக்குக் கீழே குளிர்ந்துள்ள எந்தப் பொருளின்மீதும் நீர் படியும். ஏர்கண்டிஷன் அறையில் 22 டிகிரியில் இருந்த காமிராவை வெளியே எடுத்தால் லென்ஸ் வெண்மையாக மூடிக்கொள்வது இதனால்தான். தானாகவே போகஸ் செய்துகொள்ளும் நவீனக் காமிராவும், செல்போனும் அப்போது திண்டாடும்.

செய்ய வேண்டியது என்ன?

குளிர் அறையை விட்டுக் கிளம்பு முன்பே காமிராவைப் பாலிதீன் பையில் போட்டு, காற்றுப் புகாமல் இறுகக் கட்டிவிடுங்கள். வெளியே வந்ததும் பையின்மேல்தான் நீர் படியும்; காமிரா தப்பிக்கும். அரை மணி முதல் ஒரு மணி நேரம் பொறுத்து, பைக்குள் இருப்பதும் வெளிச் சூட்டுக்கு வந்தபின் பிரியுங்கள். சிறு காமிராவுக்கு இதைவிடக் குறைந்த நேரம் போதும்.

ஏற்கெனவே லென்ஸில் ஆவி படிந்துவிட்டதா? அவசரப்பட்டுத் துடைக்காதீர்கள். லென்ஸ் குளிர்ந்திருக்கும்வரை திரும்பத் திரும்பப் படியும். தூசியோடு தேய்த்தால் கீறலும் விழும். அந்த நேரத்தில் லென்ஸைக் கழற்றி மாற்றவும் கூடாது. ஈரம் உள்ளே போய்விடும்.

உதகையில் மார்கழி, தை விடியற்காலையில் உறைபனியைப் படம் எடுப்பவர்கள் பாண்டிங்கின் பாடத்தை நினைவில் கொள்ளட்டும். காமிராவைக் கண்ணருகே வைத்திருக்கும்போது மூச்சை அடக்குங்கள். அல்லது முகத்தைத் திருப்பி ஒரு பக்கமாக விடுங்கள். இரவில் நட்சத்திரங்களைப் படம் எடுப்போருக்கு வேறு விதத் தொல்லை. திறந்த வானத்தை நோக்கியிருக்கும் லென்ஸ் தன் சூட்டை இழந்து, சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துவிடும். புல்மேல் போலவே அதன்மேலும் பனி இறங்கும். லென்ஸுக்கு முன் ஒரு மறைப்புக் குழல் வைத்தால் இது தாமதப்படும். இலேசாகச் சூடேற்றும் பட்டையைச் சுற்றினால் இன்னும் நல்லது.

வீட்டிலும் கவனம் தேவை. ஈரத்தில் கிடக்கும் லென்ஸில் பூசணம் பிடிக்கும். காற்றுப் புகாத டப்பாவில், ஈரத்தை உறிஞ்சும் சிலிகா ஜெல் பொட்டலத்தோடு வைப்பது நலம்.

இவை எல்லாம் பெரிய செலவு வைக்கும் காரியங்கள் அல்ல. ஒரு பை, ஒரு பொட்டலம், கொஞ்சம் பொறுமை. கல்யாண வீட்டில் குளிர்ந்த அறையில் காமிராவை வைத்துவிட்டு, கெட்டிமேளச் சத்தம் கேட்டபின் பந்தலுக்கு ஓடுகிறவருக்கு இது நன்றாக விளங்கும். லென்ஸ் காயட்டும் என்று முகூர்த்தம் காத்திருக்காது!