முக்கூர்த்திக்கு பிளான் போடறது எப்படி? பன்னிரண்டு மாசத்துல எத்தனை மிச்சம்?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாக அங்கங்கே லேசாகத் திருத்தியிருக்கிறோம்.)

போன வாரம் ஒருத்தர் மெயில் அனுப்பியிருந்தாங்க. நியூசிலாந்துல ஃபியோர்ட்லாண்ட் தேசியப் பூங்கா போகணும்னு ஆசை, எப்படி பிளான் பண்றதுன்னு கேள்வி. நான் அங்க போனதில்ல, அதை முதல்லயே சொல்லிடறேன். பனியாறு குடைஞ்ச பள்ளத்தாக்குக்குள்ள கடல் புகுந்தா அதுதான் ஃபியோர்ட். அங்க மில்ஃபோர்ட் சவுண்டுக்குப் போக, டே அனாவ்ங்கற ஊர்ல இருந்து கிட்டத்தட்ட 120 கிலோமீட்டர் மலைப்பாதை. பனிச்சரிவு அபாயம் வந்தா ரோட்டையே மூடிடுவாங்க. அதாவது எப்போ போகலாம்னு அந்த இடம்தான் முடிவு பண்ணும்.

அந்தப் பழக்கம் நமக்கு இருக்கான்னு தெரிஞ்சுக்க நியூசிலாந்து வரைக்கும் டிக்கெட் எடுக்க வேணாம். சென்ட்ரல்ல ராத்திரி நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறினா போதும். இன்னிக்குப் பேசப்போறது முக்கூர்த்தி தேசியப் பூங்கா.

எங்க இருக்கு, ஏன் சிக்கல்?

நீலகிரியோட மேற்கு விளிம்பு. அதைத் தாண்டினா மலை செங்குத்தா கேரளா பக்கம் இறங்கிடும். முக்கூர்த்தி சிகரம் 2,554 மீட்டர். 1982ல சரணாலயம், 1990ல தேசியப் பூங்கா. பரப்பளவு சுமார் 78 சதுர கிலோமீட்டர், சென்னை மாநகராட்சியில அஞ்சுல ஒரு பங்குகூட கிடையாது. ஃபியோர்ட் இல்ல. ஆனா மலைக்கு நடுவுல வளைஞ்சு வளைஞ்சு நிக்கற அவலாஞ்சி, எமரால்டு, மேல் பவானி தண்ணியைப் பார்த்தா அந்த மாதிரிதான் தோணும். அதெல்லாம் மின்சாரத்துக்காக அணை கட்டி நிரப்பின பள்ளத்தாக்குங்க. குந்தா நீர்மின் திட்டம் 1950கள்ல கனடா உதவியோட தொடங்கினது.

பூங்காவுக்குள்ள நம்ம இஷ்டத்துக்கு வண்டி விட முடியாது. வனத்துறை அனுமதி இல்லாம நடக்கவும் முடியாது. நம்மள மாதிரி ஆளுங்களுக்கு நேரான வழி, தமிழக அரசு 2024 அக்டோபர்ல தொடங்கின 'ட்ரெக் தமிழ்நாடு'. மாநிலம் முழுக்க 40 பாதை, ஆன்லைன் புக்கிங், கூடவே உள்ளூர் வழிகாட்டி. அதுல அவலாஞ்சியில இருந்து கோலாரிபெட்டா போற பாதை இந்தப் பக்கம்தான் வருது. சிகரம் 2,629 மீட்டர், கடினமான பாதைங்கற வகை.

காலண்டரை எடுங்க, மாசத்தை அடிங்க

நம்ம வழக்கமா எப்படி பிளான் போடுவோம்? லாங் வீக்கெண்ட் எப்போன்னு பார்ப்போம், வாட்ஸ்அப் குரூப் ஆரம்பிப்போம், டிக்கெட் எடுப்போம். மலை கடைசியில வரும். நானும் அப்படித்தான் பண்ணேன். 2019, காலேஜ் முடிக்கற நேரம். ஆகஸ்ட் 15 லீவுக்கு ஆறு பேர் ஊட்டி, அவலாஞ்சின்னு டிக்கெட் எடுத்து வெச்சிருந்தோம். அதுக்கு முந்தின வாரம் அவலாஞ்சியில ஒரே நாள்ல 800 மில்லிமீட்டருக்கு மேல மழை. சென்னையில ஒரு வருஷத்துக்கே சராசரியா 1,400 மில்லிமீட்டர்தான். நீலகிரி முழுக்க மண்சரிவு. அப்பவும் குரூப்ல ஒருத்தன் "ரூம் அட்வான்ஸ் திரும்ப வராதுடா, போயிடலாமா"ன்னு கேட்டான். அந்த ஒருத்தன் நான்தான்.

அவலாஞ்சிங்கற பேரே 1800களோட தொடக்கத்துல அங்க நடந்த ஒரு பெரிய நிலச்சரிவால வந்ததுன்னு அப்புறம்தான் படிச்சேன். எச்சரிக்கையை ஊர் பேர்லயே எழுதி வெச்சிருக்காங்க!

அதனால இப்போ தலைகீழா போடறேன். முதல்ல முடியாத மாசங்களை அடிக்கறது.

ஜூன் முதல் செப்டம்பர்: தென்மேற்குப் பருவமழை. மேற்கு விளிம்புங்கறதால மொத்த அடியும் அங்கதான் விழும். பாதையில அட்டை, கண்ணு முன்னாடி மேகம். அடிச்சாச்சு.

பிப்ரவரி நடு முதல் ஏப்ரல் நடு: தீக்காலம். குளிர்காலத்து உறைபனியில கருகின புல், வெயில்ல இன்னும் காய்ஞ்சு கிடக்கும். 2025ல பிப்ரவரி 15லேர்ந்து ஏப்ரல் 15 வரைக்கும் மலையேற்றப் பாதைகளை மூடினாங்க. இந்த விதிக்குப் பின்னாடி ஒரு தேதி இருக்கு. 2018 மார்ச் 11. தேனி மாவட்டம் குரங்கணி. காட்டுத்தீயில மாட்டி 23 பேர் இறந்தாங்க. சென்னையில இருந்து போனவங்களும் அதுல இருந்தாங்க. நம்ம வயசு, நம்ம மாதிரி வேலை, நம்ம மாதிரியே ஒரு வீக்கெண்ட். சரிவுல தீ மேல்நோக்கி ஏறும்போது மனுஷன் ஓடற வேகத்தை சுலபமா தாண்டிடும். அந்த வருஷமே அரசு மலையேற்றத்துக்குத் தனி விதிமுறை கொண்டு வந்தது. புக்கிங் பக்கத்துல "மூடப்பட்டுள்ளது"ன்னு பார்த்தா எரிச்சல் வரும்தான். அந்த வார்த்தைக்குப் பின்னாடி 23 குடும்பம் இருக்கு.

ஜனவரி, பிப்ரவரி: வரையாடு குட்டி போடற காலம். நம்ம மாநில விலங்கு. 2025 கணக்கெடுப்புல தமிழ்நாடு முழுக்க 1,303 வரையாடு. தீபாவளிக்கு முந்தின ஞாயித்துக்கிழமை ரங்கநாதன் தெருவுல ஒரு துணிக்கடை வாசல்ல நிக்கற கூட்டத்தை யோசிச்சுக்கோங்க. மூணாறு பக்கத்து இரவிகுளம் பூங்காவை இதுக்காகவே வருஷா வருஷம் மூடறாங்க. இங்க பாதை திறந்திருந்தாலும், குட்டியோட ஒரு கூட்டம் தெரிஞ்சா போட்டோவுக்காகக் கிட்ட போகாதீங்க. பயந்து ஓடற தாயும் குட்டியும் பிரிஞ்சிடலாம்.

ஏப்ரல் நடு முதல் மே: கோடைக் கூட்டம். நீலகிரிக்குள்ள வர்ற வண்டிக்கு 2024 மேல இருந்து இ-பாஸ். 2025 சீசன்ல ஒரு நாளைக்கு 6,000 வண்டி, வார இறுதியில 8,000னு வரம்பு வெச்சாங்க. அரசு பஸ்ல போனா இ-பாஸ் தேவையில்ல. இந்த ஒரு டிப்புக்காகவே இந்த எபிசோடை சேவ் பண்ணிக்கலாம்.

அக்டோபர், நவம்பர்: வடகிழக்குப் பருவமழை. இது கிழக்குச் சரிவை அடிக்கும், அதாவது மேட்டுப்பாளையத்துல இருந்து நம்ம ஏறிப்போற குன்னூர் ரோட்டை. மேல வானம் தெளிவா இருந்தும் கீழ ரோடு மூடியிருக்கலாம்.

மிச்சம் என்ன? நவம்பர் கடைசியில இருந்து ஜனவரி தொடக்கம் வரைக்கும். சுமார் ஆறு வாரம். மயிலாப்பூர்காரங்களுக்கு ஒரு கஷ்டம், அது கச்சேரி சீசன். அம்மாகிட்ட நீங்களே பேசிக்கோங்க.

நாலு நாள், அதுல ஒண்ணு சும்மா

வெள்ளி ராத்திரி ரயில், சனி காலையில மேட்டுப்பாளையம். ஊட்டி ஏறி அன்னிக்கு ஓய்வு. ஞாயிறு நடை. திங்கள் காலி நாள். சாஃப்ட்வேர்ல பஃபர் வைக்காம டெட்லைன் சொன்னா மேனேஜர் சிரிப்பார், மலையும் அப்படித்தான். திங்கள் லீவு கிடைக்கலன்னா இந்தப் பாதை வேணாம், சுலபமான வகையில ஒண்ணு எடுங்க.

பைக்குள்ள: மழைக்கோட்டு, ஒரு சுத்து மாத்துத் துணி, தலையில மாட்டற டார்ச், ஸ்டீல் தண்ணி பாட்டில். நீலகிரியில பிளாஸ்டிக் தண்ணி பாட்டிலுக்குத் தடை. டிசம்பர் ராத்திரி உறைபனி விழும், நம்ம ஊர் ஸ்வெட்டர் ஒண்ணு பத்தாது. போன் சிக்னலை நம்பி எதையும் பிளான் பண்ணாதீங்க. வீட்டுல ஒரு பேப்பர்ல எழுதிக் கொடுத்துட்டுப் போங்க: எந்தப் பாதை, யாரோட, எத்தனை மணிக்குள்ள போன் வரும், வரலன்னா யாரைக் கூப்பிடணும்.

திரும்பற நேரம்

கடைசியா ஒண்ணு. போன டிசம்பர்ல ஒருவழியா போனேன். மேல ஏற இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கும். கைடு அண்ணா நின்னு மேற்குப் பக்கம் பார்த்தார். "இதோட இறங்கிடலாம் தம்பி"ன்னார். எங்களுக்கு வெயில் பளிச்சுன்னு இருந்துச்சு. "இவ்ளோ தூரம் வந்துட்டோமேண்ணா"ன்னேன். அவர் பதில் சொல்லல, இறங்க ஆரம்பிச்சுட்டார். அரை மணி நேரத்துல மேகம் வந்து மூடிச்சு. முன்னாடி போற ஃப்ரெண்டோட சிவப்பு பை மட்டும்தான் தெரிஞ்சுது, அப்புறம் அதுவும் இல்ல. அவரோட குரலைக் கேட்டுக்கேட்டுதான் இறங்கினோம்.

2019ல "ரூம் அட்வான்ஸ் திரும்ப வராதுடா"ன்னு கேட்ட அதே ஆள்தான் மேல நின்னு "இவ்ளோ தூரம் வந்துட்டோமே"ன்னும் கேட்டான். செலவு பண்ண காசும் ஏறின தூரமும் முடிவெடுக்க ஆரம்பிச்சா பிளான் தோத்துப்போச்சு. அதனால திரும்பற நேரத்தைக் கீழயே, ஊட்டியில டீ குடிக்கும்போதே பேசி முடிவு பண்ணிடுங்க. கைடு அதுக்கு முன்னாடியே திரும்பச் சொன்னா, அப்பவே திரும்புங்க.

கோலாரிபெட்டா உச்சியை நான் இன்னும் பார்க்கல. இந்த டிசம்பர் கடைசி வாரம் மறுபடி முயற்சி. மெயில் அனுப்பினவங்களே, முதல்ல இதைப் போயிட்டு வாங்க, ஃபியோர்ட்லாண்டுக்கு அதுக்கப்புறம் உக்காந்து பிளான் போடலாம். அடுத்த வாரம் பார்ப்போம் மக்களே.